தயாபரன் நன்றி தெரிவித்துக்கொள்கிறார்

கடன் கேட்க வருகிறவரைத் தூரத்தில் கண்டால் குறுக்கு ஒழுங்கைக்குள் இறங்கிவிடலாம். நன்கொடை ரிக்கற் புத்தகத்தோடு வருகிறவர் மணியடித்தால் மின்விசிறியை நிறுத்திவிட்டு மூச்சுக் காட்டாமல் இருக்கலாம். கலியாணத் தரகரிடம் பிள்ளை இன்னும் படிக்கிறாள் என்று சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் வாசகரே, நன்றி சொல்ல வருகிற மனிதரிடமிருந்து எப்படித் தப்புவீர்கள்? வேண்டாம் என்று கதவைச் சாத்த முடியுமா? நின்று, தலையைக் குனிந்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

உதவி கிடைத்த பிறகு சொல்கிற நன்றியைப் பற்றி நான் பேசவில்லை. அது பாவம், எல்லா ஊரிலும் இருக்கிற சாதுவான பிராணி. நான் சொல்வது உதவிக்கு முன்னால் ஓடிவருகிற நன்றியை. நீங்கள் செய்யாத, செய்ய நினைக்காத, கனவிலும் காணாத ஒரு காரியத்துக்காக நாலு பேர் முன்னிலையில் உங்கள் பெயரை முழு முதலெழுத்துகளோடும் சொல்லி, "மனமுவந்து முன்வந்த" என்ற இரண்டு சொல்லையும் அதற்குப் பக்கத்தில் வைத்து, கைதட்டலும் வாங்கித் தந்து, தோளில் ஒரு பொன்னாடையும் போட்டுவிட்டுப் போகிறார் பாருங்கள் ஒரு மனிதர், அவரைப் பற்றித்தான் சொல்லவந்தேன். அவருக்கு முன்நன்றிக்காரர் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

கொழும்பு வெள்ளவத்தையில் இந்த இனத்துக்குப் பஞ்சமில்லை. கோயில் பரிபாலன சபையில் ஒருவர், தொடர்மாடிச் சங்கத்தில் ஒருவர், பழைய மாணவர் சங்கங்களில் சங்கத்துக்கு மூன்று நாலு பேர். எல்லாரையும் வரிசையில் நிறுத்திக் காட்டி உங்களைக் களைக்கவைக்க எனக்கு விருப்பமில்லை. நன்றாகத் தேறிய ஒருவரைக் காட்டினால் போதும். தயாபரனைப் பாருங்கள்.

தயாபரனுக்கு வயது நாற்பத்தாறு. காப்புறுதிக் கம்பனியில் நல்ல உத்தியோகம். கடலுக்கு இறங்குகிற ஒழுங்கையொன்றில் ஐந்தாம் மாடியில் வீடு. மனைவி துஷ்யந்தி வங்கியில் வேலை. ஒரே மகள் றஷ்மி, அதே ஒழுங்கையின் மேல் முனையில் இருக்கிற ஆரம்பப் பாடசாலையில் மூன்றாம் தரம் படிக்கிறாள். இவ்வளவும் குடும்பம். இதற்கு மேலே ஒன்று இருக்கிறது. அது கார்.

வாகன இறக்குமதி பூட்டிக் கிடந்த வருடமெல்லாம் மனிதர் காத்திருந்து, திறந்த பிறகும் விலையைக் கேட்டு இரண்டு மாதம் சோறு இறங்காமல் கிடந்து, கடைசியில் வாங்கிய வெள்ளைக் கார். பால் வெள்ளை. ஆசனங்களின் பொலித்தீன் உறையை இன்னும் கழற்றவில்லை. வெயிலில் அதன்மேல் இருந்து எழும்பினால் காற்சட்டையோடு கொஞ்சம் தோலும் ஒட்டிக்கொண்டு வரும். கடற்காற்றில் உப்புப் பிடித்துவிடும் என்று காலையும் மாலையும் துடைப்பார். காகம் எச்சமிடும் என்று மாமரம், வேப்பமரம், மின்கம்பி ஒன்றுக்கும் கீழே நிறுத்தமாட்டார். கொழும்பில் இந்த மூன்றும் இல்லாத இடம் தேடி நிறுத்திவிட்டு, போகவேண்டிய இடத்துக்கு ஓட்டோ பிடித்துப் போவார். யாராவது கதவைக் கொஞ்சம் அழுத்திச் சாத்தினால் தன் கன்னத்தில் அறைந்ததுபோல முகம் சுருங்கிப்போகும். உண்மையைச் சொன்னால், இந்த உலகத்தில் தயாபரன் யாருக்கும் கொடுக்க நினைக்காத ஒரே பொருள் அந்தக் கார்தான் என்று எழுதலாம். ஆனால் அவர் மற்றப் பொருட்களையும் கொடுத்ததில்லை. அவர் கொடுப்பது நன்றி மட்டும்.

சரி, கதைக்கு வருவோம். பாடசாலையில் நிஷாந்தி ரீச்சர் என்று ஒரு சித்திர ஆசிரியை. நல்ல மனுசி. ஆஸ்பத்திரியொன்றின் சிறுவர் வார்டில் ஒரு விளையாட்டறை செய்து கொடுக்கவேண்டும் என்று அவவுக்கு ஆசை. அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்திருந்தா. பாடசாலையின் வெளிமதில் எண்பது அடி நீளம். அதைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, நூற்றிருபது பிள்ளைகளும் ஆளுக்கொரு கட்டத்தில் தங்கள் ஊரைப் படமாகக் கீறுவது. ஒவ்வொரு கட்டத்துக்கும் உறவுக்காரர், அயலட்டை, கடைக்காரர் யாராவது நன்கொடை தருவது. மதிலுக்கும் அழகு, வார்டுக்கும் உதவி. பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொல்லிவிட்டு, "பெயின்ற், சாப்பாடு, கதிரை, இதுகளுக்கு ஆராவது உதவி செய்வீங்களா?" என்று கேட்டா.

கூட்டம் முழுவதும் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தது. அது அவ்வளவு அழகான மின்விசிறி என்று அன்றுவரை ஒருவரும் கவனித்திருக்கவில்லை. தயாபரனும் பார்த்தார். ஆனால் அவர் பார்த்தபடியே மனதுக்குள் ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி ஆறுவதற்குள் பெற்றோர் வட்ஸ்அப் குறூப்பில் முதலாவது நன்றி விழுந்தது. "பிஞ்சுக் கரங்களின் மதில் ஓவியத்துக்கு, வெயிலுக்கும் மழைக்கும் பத்து வருடம் அசையாத முதல்தர எனாமல் பெயின்ற் முழுவதையும் வழங்க மனமுவந்து முன்வந்த கொடைவள்ளல் திரு. செபஸ்தியன் அவர்களுக்கு எமது நெஞ்சார்ந்த நன்றிகள்!"

செபஸ்தியன் காலி வீதியில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறவர். வீடு கொட்டாஞ்சேனை, மகன் படிப்பது இங்கே. கடையில் ஒருவருக்கு ஆணி நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர் போனை எடுத்துப் பார்த்தார். அதற்குள் நாற்பத்தொரு பேர் கைதட்டியிருந்தார்கள். பாடசாலை அதிபர் அம்மா "God bless" என்று போட்டிருந்தா. செபஸ்தியனின் மனைவியே ஒரு பூச்செண்டு போட்டிருந்தா. மனிதர் ஆணியைப் பாதியில் விட்டுவிட்டுப் போன் எடுத்தார்.

"என்னண்ணே இது? பெயின்ற் தாறேன்னு நான் எப்ப சொன்னேன்?"

"நீங்கள் சொல்லேல்லைத் தம்பி" என்றார் தயாபரன் குழைந்த குரலில். "அதுதானே உங்கட பெருந்தன்மை."

இந்தப் பதிலுக்கு என்ன பதில் சொல்வீர்கள்? செபஸ்தியன் போனை வைத்துவிட்டு எழும்பினார். கடையின் பின்பக்கத்தில் கிடந்த பழைய வாளிகள் இரண்டைத் தள்ளிவிடலாம் என்று பார்த்தால், நன்றியில் முதல்தரம், எனாமல், பத்து வருடம் என்று மூன்று ஆணி அடித்து இறுக்கியிருந்தது. கம்பனியிலிருந்து புது வாளிகளே இறக்கவேண்டியதாயிற்று.

அடுத்தது கைருன்னிஸா. மூன்று பிள்ளைகளின் தாய், கிருலப்பனையிலிருந்து வருகிறவ. வீட்டிலிருந்தபடி சாப்பாட்டு ஓடர் எடுக்கிறவ. எண்பது றோல்ஸ் ஓடரையே விடிய எழும்பிச் செய்து முடிக்கிற மனுசிக்கு ஒருநாள் பகல் முந்நூறு மீன் றோல்ஸுக்காக நன்றி வந்து சேர்ந்தது, அறுசுவை அரசி என்ற பட்டத்தோடு. அவ போன் எடுத்து, "தயாபரன் அண்ணன், முந்நூறு தாறேண்டு நான் ஒருத்தருக்கும் செல்லல்லயே!" என்றபோது அவர் என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும். கைருன்னிஸா அதை முழுவதும் கேட்டா. பிறகு, "சரி அண்ணன், நல்லா இரிக்கி" என்றுவிட்டு வைத்தா. கோபமாக வைத்தாவா, படிப்பித்ததைப் படித்துக்கொண்டு வைத்தாவா என்று தயாபரன் யோசிக்கவில்லை. யோசித்திருக்கவேண்டும்.

இப்படியே கதிரை வந்தது, கூடாரம் வந்தது, ஒலிபெருக்கி வந்தது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று மனிதர் வார்த்துக்கொண்டே போனார். நிஷாந்தி ரீச்சருக்கு இது எப்படி நடக்கிறது என்று விளங்கவில்லை. "எனக்கு ஒருத்தரும் ஓம் எண்டு சொல்லேல்லை, அண்ணைக்கு மட்டும் எல்லாரும் எப்பிடிக் குடுக்கினம்?" என்று கேட்டா. "மக்கள் நல்லவங்கள் ரீச்சர், கேக்கிற விதத்தில கேக்கவேணும்" என்றார் தயாபரன். அவர் ஒருவரையும் கேட்டதே இல்லை என்பதைச் சொல்லவில்லை.

வெற்றி தலைக்கு ஏறினால் மனிதன் மனிதரோடு நிற்பானா? ஒழுங்கையின் வடிகால் நாறிக்கொண்டிருந்தது. தயாபரன் ஒரு பனர் அடிப்பித்து (அச்சகக்காரருக்கும் முன்கூட்டியே நன்றி சொல்லித்தான்) தமிழிலும் சிங்களத்திலும் ஒழுங்கை வாயில் கட்டினார். "சித்திர விழாவை முன்னிட்டு, இம்மாதம் பதினான்காம் திகதி காலை, இவ்வொழுங்கையின் வடிகாலைத் துப்புரவாக்கி, பாடசாலை மதிலையும் நன்றாகக் கழுவித் தந்த அதிகாரிகளுக்கு நன்றிகள்." மதில் என்ற சொல் அதற்குள் எப்படி நுழைந்தது என்று கேட்காதீர்கள். நன்றி எழுத உட்கார்ந்தால் அவருக்குக் கை நிற்காது. அந்த வழியால் மோட்டார் சைக்கிளில் போன மாநகர சபை அதிகாரி ஒருவர் பனரைப் பார்த்து நிறுத்தினார். ஒருமுறை வாசித்தார். திகதியைப் பார்த்தார்; அது வருகிற சனிக்கிழமை. செய்யாத வேலைக்கு ஊரே நன்றி சொல்லிவிட்டதே என்று பதறிப்போய்க் கந்தோருக்குத் திரும்பி, "கவுத கிவ்வே?" என்று ஒவ்வொரு மேசையாகக் கேட்டார். யார் சொன்னது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்றால் மேலிடத்தில் யாரோ பெரியவர் சொல்லியிருக்கிறார் என்றுதானே அர்த்தம்? அவர்கள் சனிக்கிழமை காலைக்குத் தண்ணீர் பவுசர் லொறியை எழுதிக்கொண்டார்கள்.

இந்த வித்தை பலிக்காத ஒரே இடம் அவருடைய வீடு. துஷ்யந்தி சொதி வைக்க அடுப்பை மூட்டினால், தயாபரன் சமையலறை வாசலில் வந்து நின்று, "இண்டைக்கு மீன் பொரிச்சுத் தந்ததுக்கு நன்றியப்பா" என்பார்.

"அந்த நன்றியைக் கொண்டுவந்து சட்டியில போடுங்கோ" என்பா துஷ்யந்தி திரும்பிப் பாராமலே. "பொரியுதா எண்டு பாப்பம்."

வீட்டில் இன்னொருத்தியும் இருக்கிறாள் அல்லவா? றஷ்மி. நிஷாந்தி ரீச்சர் வகுப்பில் காகிதத்தால் ஒரு மரம் செய்து ஒட்டியிருந்தா. ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டார் விழாவுக்கு என்ன தந்தார்கள் என்று ஒரு பச்சை இலையில் எழுதி அதில் ஒட்டவேண்டும். பெயின்ற் என்று ஒரு இலை, றோல்ஸ் என்று ஒரு இலை, பத்துக் கதிரை என்று ஒரு இலை. றஷ்மியின் இலையில் மட்டும் எழுத்தில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் அவள் அதைத் தகப்பனின் மடியில் கொண்டுவந்து வைத்தாள்.

"அப்பா, நாங்கள் என்ன குடுத்தனாங்கள்?"

"நன்றி எண்டு எழுதம்மா."

"அது எழுதினனான். ஜெனிஸ்டன் சிரிக்கிறான். அதை என்னெண்டு சாப்பிடுறது, அதில என்னெண்டு இருக்கிறது எண்டு கேக்கிறான். பிறகு அழிச்சிட்டன்."

ஜெனிஸ்டன் செபஸ்தியனின் மகன். தயாபரன் தொண்டையைச் செருமி, நன்றி என்பது பொன்னும் பொருளும் விலைபேச முடியாத பெருஞ்செல்வம் என்று ஒரு சிறு சொற்பொழிவைத் தொடங்கினார். றஷ்மி பாதியிலேயே இலையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஒரு ஐஸ்கிரீமோடு முடிந்திருக்கும். அவள் சும்மா போனது மனிதருக்கு நெஞ்சில் எங்கோ குத்தியது. குத்தினாலும் என்ன, கீழே இறங்கிப் போய்க் காரை ஒருமுறை துடைத்துவிட்டு வந்தார், கொஞ்சம் ஆறிவிட்டது.

சனிக்கிழமை வந்தது. தயாபரன் பட்டு வேட்டி கட்டி, அன்று மட்டும் காரைப் பாடசாலை வாசலிலேயே நிறுத்தினார். ஆஸ்பத்திரியிலிருந்து டொக்டர் அம்மா வருகிறா, அவவின் கண்ணில் படவேண்டாமா? வாசலில் மரமில்லை, கம்பியில்லை. மதிலுக்குச் சற்றுத் தள்ளி, காலை வெயிலில், கார் பளபளவென்று நின்றது.

அவர் கோலரைச் சரிசெய்துகொண்டு திரும்பவும் பவுசர் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. வந்தவர்கள் கெட்டிக்காரர்கள். பனரில் எழுதியிருந்ததை ஒரு சொல் விடாமல் செய்தார்கள். வடிகாலை அள்ளினார்கள். பிறகு குழாயைத் தூக்கி, எண்பது அடி மதிலையும் மேலிருந்து கீழாக, நன்றாக, மிக நன்றாகக் கழுவினார்கள். பாசி போய், பழைய சுண்ணாம்பு போய், சீமெந்து ஊறி, மதில் தேத்தண்ணியில் தோய்த்த பாண் துண்டுபோல நின்றது. வேலை முடிந்ததும் பனரின் முன்னால் நின்று ஒரு படமும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

செபஸ்தியன் மதிலில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். தண்ணீர் முழங்கைவரை ஓடியது. "அண்ணே, இதில எனாமல் ஒட்டாது. காய ரெண்டு நாளாவது வேணும்."

நூற்றிருபது பிள்ளைகள் பழைய சேட்டுகளை முன்பக்கம் பின்பக்கமாகப் போட்டுக்கொண்டு, கையில் தூரிகையோடு, வரிசையில் நிற்கிறார்கள். வாளிகள் திறந்தாயிற்று. கட்டத்துக்குப் பணம் தருவதாகச் சொன்ன அயலட்டை முழுவதும் ஒழுங்கையில் கூடிவிட்டது. டொக்டர் அம்மா ஓட்டோவிலிருந்து இறங்குகிறா. நிஷாந்தி ரீச்சரின் கண் கலங்கிவிட்டது. "அந்த வார்ட் பிள்ளையளுக்கு நான் இனி என்ன சொல்லுறது?" என்று சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தா.

முன்நன்றிக்காரர் இப்படியான நேரத்தில் கலங்குவாரென்றா நினைக்கிறீர்கள்? அவர் பாட்டுக்கு மேடையேறி, நன்றிப் பட்டியலை விரித்து, மழை பெய்யாதிருந்தமைக்காக வானத்துக்கு நன்றி சொல்வதில் ஆரம்பித்துவிட்டார். மதில் காய்ந்து தந்தமைக்கு மதிலுக்கு நன்றி சொல்லும் யோசனையும் இருந்ததாகப் பிற்பாடு துஷ்யந்தி சொன்னா.

றோல்ஸ் மேசைக்குப் பின்னால் கைருன்னிஸா நின்றா. முந்நூறு றோல்ஸ். மூன்று நாள் மாவில் நின்ற கை. அவ ஈர மதிலைப் பார்த்தா. அழுகிற ரீச்சரைப் பார்த்தா. பிறகு வாசலில் நின்ற பால் வெள்ளைக் காரைப் பார்த்தா. அதை முன்னாலிருந்து பின்னால்வரை, மேலிருந்து கீழாக, துணிக்கடையில் துணி அளக்கிறதுபோலப் பார்த்தா. கையைத் துடைத்துக்கொண்டு மேடையேறினா. வரும்போது பொன்னாடைத் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டா.

தயாபரன் பட்டியலின் இரண்டாம் பக்கத்தில் குனிந்திருந்தார். தோளில் ஏதோ பாரமாக விழுந்தது. ஒலிவாங்கி கை மாறியது.

"எல்லாருக்கும் வணக்கம். மதில் நனஞ்சிட்டெண்டு ஒருத்தரும் கவலப்படத் தேவல்ல. பிள்ளையள் படம் கீறுறதுக்கு, தன்ட புத்தம் புதுக் காரையே மனமுவந்து தர முன்வந்த நம்மட தயாபரன் அண்ணனுக்கு நாங்க எல்லாருமா நன்றி செல்லுவோம்!"

கைதட்டல் என்றால் அப்படியொரு கைதட்டல். பெயின்ற் கொடுத்தவர், கதிரை கொடுத்தவர், கூடாரம் கொடுத்தவர், ஒலிபெருக்கி கொடுத்தவர், எல்லாரும் உள்ளங்கை சிவக்கத் தட்டினார்கள். செபஸ்தியன் விசிலடித்தார்.

இந்த இடத்தில்தான் நம்மவர் தன் இனத்துக்கே உரிய அந்தப் பெரிய பிழையைச் செய்தார். பொன்னாடை தோளில் விழுந்து, தன் பெயர் ஒலிபெருக்கியில் கேட்டு, கைதட்டலும் எழும்பினால் மனிதர் என்ன செய்வார்? இருபது வருடமாக மேடையில் பழகிய உடம்பு அது. மூளையைக் கேட்காமலே இரண்டு கையும் கூப்பிக்கொண்டன, முதுகு வளைந்தது, முகத்தில் புன்னகை வந்தது, இடப்பக்கம் ஒரு கும்பிடு, வலப்பக்கம் ஒரு கும்பிடு, நடுவில் டொக்டர் அம்மாவுக்கு ஒரு தனிக் கும்பிடு. எதற்காகக் கைதட்டுகிறார்கள் என்று அவர் கேட்டுவிளங்கியது மூன்றாவது கும்பிட்டிலிருந்து நிமிரும்போதுதான்.

"கைருன்னிஸா!" என்றார். "நான்... நான் எப்ப சொன்னனான்?"

பக்கத்தில் வந்து நின்ற செபஸ்தியன் அவருடைய பொன்னாடையின் மடிப்பை அன்போடு சரிசெய்துவிட்டார். "நீங்க சொல்லலண்ணே. அதுதானே உங்க பெருந்தன்மை."

வாசகரே, அவர் மறுத்திருக்கலாம். மறுக்கத்தான் வாயைத் திறந்தார். தவறு நடந்துவிட்டது, மாற்று ஏற்பாடு செய்வோம், ஒரு உப குழு அமைப்போம் என்று மூன்று வசனம் நாக்கு நுனிவரை வந்து நின்றது. ஒலிவாங்கியையும் பிடித்துவிட்டார். அப்போது பிள்ளைகளின் வரிசையை உடைத்துக்கொண்டு ஒருத்தி ஓடிவந்தாள். றஷ்மி. மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, அண்ணாந்து நின்றாள்.

"அப்பா! உண்மையாவா? எங்கட காரையா?"

அந்த முகத்தைத் தயாபரன் பார்த்தார். பிள்ளை பிறந்து எட்டு வருடத்தில் தன்னை யாரும் அப்படிப் பார்த்ததாக அவருக்கு நினைவில்லை. அவளுக்குப் பின்னால் ஜெனிஸ்டன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். அதற்கும் பின்னால் கார், அவ்வளவு வெள்ளையாக. மனிதருக்கு நெஞ்சு இரண்டாகக் கிழிந்தது. ஒரு பக்கம் கிழிந்து காரோடு போயிற்று. மற்றப் பக்கம்தான் பேசியது.

"ஓம் பிள்ளை" என்றார். "எங்கட கார்தான்."

பிறகு நடந்ததை எப்படிச் சொல்ல? நூற்றிருபது பிள்ளைகள்! நிஷாந்தி ரீச்சர் சோக்கட்டியால் காரின்மேல் கட்டம் போட முயன்றா. முதல் கட்டத்தைப் போட்டு நிமிரும்போது மற்றக் கட்டங்களெல்லாம் நிரம்பிவிட்டன. முன்மூடியில் கடலும் கரையோர ரயிலும் வந்தன. ரயிலின் பாதி இடக் கதவிலும் பாதி வலப் பின்கதவிலும் ஓடியது. கூரையில் ஒருத்தன் யானையைவிடப் பெரிய காகம் ஒன்றைக் கீறினான். இத்தனை காலம் அந்தக் காரைத் தேடித் திரிந்த காகங்களுக்கெல்லாம் அது பதில் சொல்லிற்று. விளக்குகளுக்கு இமை வந்தது. பின்பக்கத்தில் கோபுரம், அதற்குப் பக்கத்தில் மாதா கோவில், அதற்குப் பக்கத்தில் பள்ளிவாசல், மூன்றுக்கும் நடுவில் ஒரு மிகப்பெரிய மீன் றோல்ஸ். "கண்ணாடியில வேண்டாம்! கண்ணாடியில வேண்டாம்!" என்று ரீச்சர் கத்தி முடிக்குமுன் முன்கண்ணாடியில் சூரியன் உதித்துவிட்டது. றஷ்மி ஓட்டுநர் கதவை ஒருவருக்கும் விடவில்லை. அங்கே வேட்டி கட்டிய ஒரு மனிதரைக் கீறினாள். மீசையும் வைத்தாள்.

தயாபரன் கதிரையொன்றில் இருந்து, பொன்னாடையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் பார்த்தார். அழுகை வந்தது. பட்டு வேட்டியோடு மேடைக்கு முன்னால் இருந்து அழ முடியாதே என்று விழுங்கிக்கொண்டார். ஒரு கட்டத்தில் செபஸ்தியனைச் சாடையாகக் கூப்பிட்டு, ஒருவருக்கும் கேட்காத குரலில், "தம்பி, கழுவினால் போயிடும்தானே?" என்றார்.

"எனாமல் அண்ணே. பத்து வருசம் அசையாது. நீங்கதானே அப்பிடி எழுதினீங்க."

யானை தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போடும் என்பார்கள். யானைக்கு அது குளிக்கிற சந்தோசம். தயாபரனுக்கு அதுவும் இல்லை.

விளையாட்டறைக்குக் காசு மதிலால் வந்திருக்கக் கூடியதைவிட அதிகமாகவே சேர்ந்தது. ஆட்கள் காரோடு நின்று படமெடுக்க வரிசையில் நின்றார்கள். டொக்டர் அம்மா இரண்டு தரம் எடுத்தா. பின்னேரம் தயாபரன் முன்கண்ணாடிச் சூரியனில் போனாற்போகிறது என்று ஒரு தேத்தண்ணிச் சாசர் அளவு இடத்தைத் தின்னர் போட்டுச் சுரண்டி, அந்த ஓட்டையால் பார்த்து, நூறு மீற்றர் தூரம் காரை ஓட்டி வீடு சேர்ந்தார். பின்னாசனத்தில் றஷ்மி கண்ணாடியை இறக்கி, தெருவில் நின்ற ஒவ்வொருவருக்கும் "எங்கட கார்!" என்று கத்திக்கொண்டே வந்தாள். துஷ்யந்தி சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தா.

மனிதர் திருந்தினாரா என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. ஞாயிற்றுக்கிழமை காலை முழுகிவிட்டு, தேத்தண்ணியோடு போனை எடுத்து, குறூப்பில் இப்படிப் போட்டார். "எமது காருக்கு மீண்டும் வெள்ளைப் பெயின்ற் அடித்துத் தருவதற்கு மனமுவந்து முன்வந்த திரு. செபஸ்தியன் அவர்களுக்கு நெஞ்சார்ந்த நன்றிகள்."

ஒருவரும் கைதட்டவில்லை. கால் மணி போனது, அரை மணி போனது, ஒரு கைகூப்பில்லை, ஒரு பூச்செண்டில்லை. எல்லாரும் வாசித்துவிட்டார்கள் என்பதற்கு நீலக் குறி மட்டும் இருந்தது. மனிதருக்கு வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நன்றி திரும்பி வந்து மடியில் இருந்தது. பிறகு கைருன்னிஸாவின் பெயரில் ஒரு செய்தி வந்தது. "அந்தக் காரை மாற்றாமல் அப்படியே வைத்திருக்கவும், மாதமொரு முறை வார்டுப் பிள்ளைகளுக்குக் கொண்டுபோய்க் காட்டவும் மனமுவந்து முடிவெடுத்த தயாபரன் அண்ணனுக்குக் கோடி நன்றிகள்."

அறுபத்துமூன்று கைதட்டல். தயாபரன் ஒவ்வொன்றாகப் பெயரைப் பார்த்துக்கொண்டு போனார். அறுபத்துமூன்றாவது கைதட்டல் துஷ்யந்தியினுடையது. அவ அப்போது சமையலறையில் அவருக்கு மீன் பொரித்துக்கொண்டிருந்தா. அவர் கேட்காமலே.

இப்போது நீங்கள் வெள்ளவத்தைக்கு வந்தால், மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கூரையில் காகத்தோடும் கதவில் மீசையோடும் ஒரு கார் களுபோவில ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்புவதைக் காணலாம். உள்ளே இருப்பவரைப் பார்த்துச் சிரிக்கவேண்டாம். சிரிக்கிற உரிமை நமக்கு இருக்கிறதா என்பதே எனக்குச் சந்தேகம். நீங்கள் கடைசியாக ஒரு அலுவலகத்துக்கோ, அதிபருக்கோ, ஒன்றுவிட்ட தம்பிக்கோ எழுதிய கடிதத்தை எடுத்து, கையெழுத்துக்கு மேலே இருக்கிற வரியை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். "தங்கள் மேலான ஒத்துழைப்புக்கு முன்கூட்டியே நன்றி தெரிவித்துக்கொள்கிறேன்." எழுதினீர்களா, இல்லையா? எழுதியிருந்தால் நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை பாடசாலை விழாவுக்குப் போகும்போது பஸ்ஸில் போங்கள்.